ஏற்கெனவே பதிந்த பெயர்

ஓட்டெடுப்பு முடிய இன்னும் ஐம்பது நிமிடம்தான் இருந்தது. மென்பொருளின் புதுப் பதிப்பை 'வெளியிடலாம்' என்று பதினோரு பேர் எழுதிவிட்டார்கள். ஒருவர் மட்டும் வழக்கம்போல ஒரு சந்தேகத்தைக் கிளப்பியிருந்தார். குழுவில் அவருக்குப் 'புகார்ப்பெட்டி' என்று பெயர். முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் எவ்வளவு நல்ல சோற்றிலும் கல் பொறுக்கிக் காட்டுகிற மனுஷர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையின் மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். பார்க்கப்போனால் இதுவும் வேலைதான், சம்பளம்தான் கிடையாது. எங்கெங்கோ இருக்கும் இருபது முப்பது பேர் சேர்ந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதும் ஓர் அப்ளிகேஷன் சர்வர் அது. பல மென்பொருள்கள் குடியிருக்கிற அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்தக் கதவுக்குள் இருக்கிறார் என்று சொல்ல வாசலில் ஒரு பெயர்ப்பலகை வேண்டுமே! அந்தப் பலகையைத்தான் அவள் எட்டு மாதமாக உருவாக்கிக்கொண்டிருந்தாள். 'ரத்த வங்கி எங்கே?' என்று ஒரு மென்பொருள் கேட்டால், அவள் எழுதிய சேவை கதவைக் காட்டும்.

புகார்ப்பெட்டி கேட்டிருந்தது இதுதான்: 'இரண்டு மென்பொருள்கள் ஒரே பெயரைப் பதிந்தால் என்ன ஆகும்? யாராவது செய்து பார்த்தீர்களா?'

இதையே நான்கு மாதம் முன்பும் கேட்டார். 'கற்பனைக் கவலைகளுக்கு எனக்கு நேரமில்லை' என்று அவள் வெடுக்கென்று பதில் எழுதினாள். அதற்குக் கீழே ஏழு பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். அவளுக்கும் அன்று முழுக்க ஒரே குஷிதான்.

இன்று அவர் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று, ஒரே பெயரில் இரண்டு மென்பொருள்களை ஓடவிட்டாள். இரண்டாவது பதியும்போது 'இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது' என்று சேவை கத்த வேண்டும். அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் போதும்.

சேவை கத்தவில்லை. இரண்டாவது வந்தது, முதலாவதன் இடத்தைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டது.

காரணத்தைத் தேட அதிக நேரம் ஆகவில்லை. ஆரம்பத்தில், சோதனைக்காக மென்பொருளை நிறுத்தி மறுபடி ஓட்டும்போதெல்லாம் சேவை அந்தக் கத்தலைக் கத்திக்கொண்டே இருந்தது. எரிச்சல் தாங்காமல், 'இருந்தால் மறு' என்ற இடத்தில் 'இருந்தால் மாற்று' என்று ஒரே ஒரு வரியைத் திருத்தினாள். பக்கத்தில் 'தற்காலிகம்' என்றும் எழுதி வைத்தாள். இந்தத் தொழிலில் அந்த வார்த்தைக்கு ஆயுசு கெட்டி. எட்டு மாதமாக அது அங்கேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

ஓட்டெடுப்பை நிறுத்தலாம், வரியைத் திருத்தலாம். ஆனால் கொழுந்தன்? ஆஸ்பத்திரிக் கணினி அறையில் வேலை பார்க்கும் அவன், அவள் பேச்சை நம்பித்தான் இந்தப் பதிப்பை இன்று மதியம் போடுவதாக இருந்தான். உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, அதைப் போட்டுடாதே. அப்படியே நிறுத்து."

"அண்ணி, நீங்க அனுப்பினதை நான் காலையில ஒன்பதுக்கே போட்டுட்டேனே. ஜம்முனு ஓடுது."

"பயிற்சி வகுப்புக்கு ரத்த வங்கியோட ஒரு நகல் வச்சிருந்தியே, அது எங்க ஓடுது?"

"அதே சர்வர்ல, அதே பேர்லதான். பத்து மணிக்கு ஆரம்பிச்சு விட்டேன். ஏன் அண்ணி?"

நகலில் நோயாளிகளின் எண்கள் நிஜம், ரத்த வகை பொய். வேலை மிச்சம் என்று எல்லோருக்கும் 'ஏ பாசிட்டிவ்' என்று நிரப்பி வைத்ததைப் போன வாரம்தான் அவன் பெருமையாகச் சொல்லிச் சிரித்திருந்தான்.

"பித்தப்பை ஆபரேஷனுக்கு நான் அங்கதானே படுத்திருந்தேன். என் நம்பரைப் போட்டு என்ன வகைன்னு பாரு. நான் பி நெகட்டிவ்."

தட்டும் சத்தம் கேட்டு நின்றது.

"சொல்லுடா!"

"ஏ பாசிட்டிவ்னு காட்டுது, அண்ணி."

"பத்து மணியிலேருந்து எத்தனை பேருக்கு இப்படிப் பதில் போயிருக்கு?"

"நாலு. மூணு ரத்தப் பை கீழ வங்கியிலேயே இருக்கு. ஒண்ணு… ஒண்ணு ஆபரேஷன் தியேட்டருக்கு ஏறிடுச்சு."

"உடனே போன் பண்ணு!"

"அங்க யாரும் எடுக்க மாட்டாங்க. நான் ஓடறேன்."

போனை மேசைமேலேயே போட்டுவிட்டு ஓடினான் போலிருக்கிறது. நாற்காலி உருளும் சத்தம் வந்தது, கதவு அடித்துக்கொண்டது. அப்புறம் குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும்தான். போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், திரும்பவும் நின்றாள். திரையில் பன்னிரண்டாவது ஓட்டு விழுந்தது, கூடவே வாழ்த்தும் வந்தது. நான்கு மாதம் முன்பு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் போதும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் அந்த வெடுக்குப் பதிலை எழுதினாள்.

ஒன்பது நிமிடம் ஆயிற்று. அவன் மூச்சிரைப்புதான் முதலில் வந்தது.

"ஏத்தல அண்ணி, ஏத்தல."

அவள் தொப்பென்று நாற்காலியில் விழுந்தாள்.

"நர்ஸம்மா பையைத் தனியா எடுத்து வச்சுட்டாங்க. நோயாளிகிட்ட புதுசா ரத்தம் எடுத்து பையோட ஒத்துப் பாத்தாங்களாம், ஒத்து வரலையாம். 'உங்க கம்ப்யூட்டர் சொல்றத நாங்க என்னிக்குப்பா நம்பினோம்'னு கேக்கறாங்க. வேற பை வாங்கப் போயிருக்காங்க."

"நகலை உடனே நிறுத்து. பழைய பதிப்பைப் போடு. அந்த மூணு பையும் வெளியே போகக் கூடாது."

"சரி அண்ணி." கொஞ்சம் தயங்கினான். "அவங்க ரெண்டு தடவை பாத்தாங்க. நான் ஒரு தடவைகூடப் பாக்கல. நீங்க சொன்னீங்களேன்னு…"

"தப்பு என்னோடது. மேலிடத்துல யார் கேட்டாலும் என் பேரையே சொல்லு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஓட்டெடுப்புக்கு இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. தான் கட்டிய வீட்டுக்குத் தானே பூட்டுப் போடுவதுபோல, 'வெளியிடக் கூடாது' என்று எழுதினாள். எந்த வரி, எப்போது, எதற்காக மாற்றினாள், ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது, எல்லாவற்றையும் பூசி மெழுகாமல் சொன்னாள். கடைசியில், 'இவர் நான்கு மாதம் முன்பே கேட்டார். நான் கிண்டல் செய்தேன். அவரிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்' என்று சேர்த்து அனுப்பினாள்.

பிறகு பதிலுக்குக் காத்திருந்தாள். சிரித்த ஏழு பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. புகார்ப்பெட்டிதான் முதலில் எழுதினார். 'அப்போதே சொன்னேனே' என்று குத்திக் காட்டப்போகிறார், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு திறந்தாள்.

'திருத்தத்தைப் பிறகு பார்க்கலாம். அந்த நோயாளிக்குச் சரியான ரத்தம் கிடைத்ததா? இப்போது எப்படி இருக்கிறார்?'

அவள் அதைக் கேட்கவே இல்லை. ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. முகமெல்லாம் சூடேற, கொழுந்தனின் எண்ணை மறுபடி அழுத்தினாள்.