மூன்றாம் பேஸில் டேல் ரூஸ்கா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஐயோவாவில் பதினெட்டு வருடமாகப் பேஸ்பால் பார்க்கிறேன். இந்தக் கதை எங்கள் மைதானத்தின் கழிப்பறை வரிசையில் பிறந்தது. எனக்கு முன்னால் நின்றவர் முனகினார்: "அந்த மூணாவது பேஸ் கோச்சைச் சுட்டாத்தான் இந்த டீம் உருப்படும்."

கொலை! தொடர்கதை எழுதுகிற எனக்கு இது போதாதா?

2

'துப்பாக்கி மெல்ல நிமிர்ந்தது. டேல் ரூஸ்காவின் முதுகுக்கு நேராக...'

(இந்த வரியை அடித்துவிட்டேன். டேல் பதினாறு வருடத்தில் பதினோரு சின்ன அணிகளுக்கு ஆடியவர். பெரிய லீக் பக்கமே போனதில்லை. நாற்பத்து மூன்று வயதில் இப்போது கோச். இவருக்காக யார் தோட்டா செலவழிப்பார்கள்?)

அவர் வேலை இவ்வளவுதான்: மூன்றாம் பேஸுக்கு ஓடிவருபவனைப் பார்த்துக் கையைச் சுழற்றினால் 'ஹோமுக்கு ஓடு' (அங்கே போய்ச் சேர்ந்தால் ஒரு ரன்), உள்ளங்கைகளைத் தூக்கினால் 'நில்'. இந்த வாரம் மூன்று பேரை நிறுத்தினார். மூன்று ஆட்டமும் தோல்வி.

மேனேஜர் டாலிவர் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் எவனையாவது நிறுத்தின, டேல், அப்படியே மூட்டையக் கட்டிடு."

3

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் பின்தங்கியிருக்கிறோம். இன்னும் ஒருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. அடித்த பந்து இடப்பக்கம் தரையில் விழுந்து ஓட, இரண்டாம் பேஸிலிருந்து எங்கள் கர்ட் ஓடிவருகிறான்.

"டேய் ட்ராஃபிக் போலீஸ், கையத் தூக்கின, கொன்னுடுவேன்!" என்றது கேலரி.

டேலின் கை சுழன்றது. கர்ட் பாய்ந்தான். புழுதி...

"யோவ் எழுத்தாளரே, நிறுத்துய்யா! கர்ட்டுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. பந்து ஏற்கெனவே அந்த லெஃப்ட் ஃபீல்டர் கையில. அவன் எறிஞ்சா கண்ணுக்கே தெரியாது."

"அனுப்பினா உங்க வேலை தப்பிக்கும், டேல். அவுட்டானாலும் பழி அவன் முட்டிக்குத்தானே?"

"அதனாலதான் அனுப்ப மாட்டேன்."

"சரி, வாலிப வயசுல இதே மாதிரி ஓடி நீங்க அவுட்டாகி, அந்தக் காயம் ஆறாம..."

"ஒரு காயமும் இல்ல. பந்து முன்னாடி வந்துடும். அவ்வளவுதான்!"

இருபது வருடம் தொடர்கதை எழுதியவன் நான். இந்த மனுஷனுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் கூட வேண்டாமாம்!

4

எழுதி வைத்திருந்த மூன்று முடிவுகளையும் கிழித்தேன்.

டேல் இரண்டு கைகளையும் உயர்த்தினார். கர்ட் மூன்றாம் பேஸிலேயே மூச்சிரைக்க நின்றான். ஓடியிருந்தால் பாதி வழி வந்திருப்பான். பந்து அதற்குள் ஹோமில் நிற்கும் கேட்சர் கைக்கு வந்துவிட்டது. அதை எவரும் கவனிக்கவில்லை. கேலரி முழுக்க ஊளைதான். டாலிவர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

அடுத்து மட்டையோடு வருபவன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொள்ளும்படி எதையும் அடித்ததில்லை. அவனை வைத்து டேலைக் காப்பாற்றலாம். என்னால் முடியாது; அந்த ஆள் விடமாட்டார். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வெற்றியோ, தோல்வியோ, இடியோ மழையோ, உங்கள் இஷ்டம்.

உயர்ந்து நிற்கும் அந்த இரண்டு கைகளை மட்டும் தொடாதீர்கள்.