ஏறாத விமானத்தின் ரிட்டர்ன் டிக்கெட்

எங்களுக்கு இருப்பது ஒரே லாரி. ஓட்டுவது என் தம்பி வீரன். நாமகிரிப்பேட்டையில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு அகமதாபாத் போனவனுக்கு அங்கே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியிலிருந்து பேசியவன், "வண்டிகிட்ட யாருண்ணா இருக்கறாங்க?" என்றுதான் கேட்டான். லோடைத் தனியாக விட்டுப் பழகாத பயல்.

கோயம்புத்தூரிலிருந்து போக வர விமான டிக்கெட் போட்டேன். அவிநாசி பக்கம் நெரிசலில் மாட்டி, விமானத்தைத் தவறவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டு சென்னை வழியாக வேறு டிக்கெட் எடுத்துப் போனேன். ரிட்டர்னைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. லாரித் தொழிலில் போகிற நடை கெட்டாலும் வருகிற நடை கெடாது. எப்படியாவது போய்ச் சேர்ந்து ரிட்டர்ன் லோடை ஏற்றிக்கொள்வோம். ஆகாயத்திலும் அப்படித்தான் என்று நினைத்தேன். எல்லாம் தெரிந்தவன் என்கிற திமிர்.

நான் போய்ச் சேரும்போது வீரன் உயிரோடு இல்லை.

என் ரிட்டர்ன் விமானத்திலேயே அவனை வைத்த பெட்டியைச் சரக்காகப் பதிவு செய்தேன். நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அழுகை வரவில்லை. பெட்டியை ஒப்படைத்துவிட்டுப் பயணிகள் கவுண்டருக்குப் போனேன்.

"நீங்கள் வரும்போது அந்த விமானத்தில் ஏறவில்லை. அதனால் ரிட்டர்னும் தானாக ரத்தாகிவிட்டது," என்றாள் கவுண்டர் பெண். முன்கூட்டியே சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்களாம். இப்போது வரி மட்டும் திரும்ப வருமாம்.

புது டிக்கெட் கேட்டேன். இடமில்லை. எனக்குத் தெரிந்த லாரிக்கார இந்தியில், பெட்டியையாவது இறக்கச் சொல்லிக் கேட்டேன். எங்கேயோ போன் போட்டு விசாரித்தவள், ஏற்றியாகிவிட்டது என்றாள். சுங்கச்சாவடியில் சில்லறைக்குச் சட்டையைப் பிடிக்கிறவன் நான். அன்றைக்குக் கோபம்கூட வரவில்லை. வரிசையில் பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

மோகனூரிலிருந்து என் மனைவி மைதிலி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, கோயம்புத்தூருக்கு ஆம்புலன்ஸ் அனுப்பியாச்சுங்க. பிளேன் கெளம்பிருச்சுங்களா?"

கண்ணாடிக்கு வெளியே அது ஓடுபாதையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"கெளம்பிருச்சு."

"கெளம்பிருச்சா? அப்பறம் எப்படிங்க போன் பேசறீங்க? கொழுந்தனாருகூட யாருங்க இருக்கறாங்க?"

"ஒருத்தருமில்ல மைதிலி. தனியா வாரான்," என்றேன்.