மூன்றாம் அரங்கேற்றம்

மூலேன் ஊர் நாடகக் கொட்டகையில் புது நடிகன் மூன்று முறை மேடையேறிக் காட்ட வேண்டும். மூன்றாம் முறை ஊர் பிடிக்காமல் விசிலடித்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தியோதுலுக்கு அந்த ஞாயிறு பிற்பகல் மூன்றாம் முறை. ஏற்கெனவே ஆறு ஊர்கள் அவனை விசிலடித்து வழியனுப்பியிருந்தன. இங்கேயும் தோற்றுப் போனால் சேர்த்துக்கொள்ள வேறு குழு கிடையாது. ஆசாமி இரண்டு கவிதைப் புத்தகம் போட்டவன்; வாங்கியவர்களில் பாதிப்பேர் உறவுக்காரர்கள், மீதிப்பேர் புரட்டியும் பார்க்கவில்லை.

அவனுக்கு ஒரே ஒரு வியாதி. வரிக்குப் பன்னிரண்டு அசை இருக்க வேண்டும். பதின்மூன்றாவது அசை செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தும். யார் எழுதிய நாடகமானாலும் மேடையிலேயே திருத்திவிடுவான்.

"கவிராயரே, இன்னைக்காவது எழுதினத எழுதினபடி சொல்லும்," என்றாள் ஒர்தான்ஸ். மேடைக் குழியில் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பவள் அவள். "உம்ம காலு நொண்டினாலும் பொறுப்பீரு, வரி நொண்டினா பொறுக்க மாட்டீரே!"

"சத்தியமா ஒரு எழுத்த மாத்த மாட்டேன்க்கா."

அரசருக்குச் சாவுச் செய்தி கொண்டுவரும் தூதன் வேடம். நான்காம் வரியில் பதின்மூன்று அசை. பல்லைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை. கடைசிச் சொல்லை வெட்டிவிட்டான். அரசர் வேடத்திலிருந்த பிரெஷார் தன் வசனத்தைத் தொடங்கக் காத்திருந்ததே அந்தச் சொல்லுக்காகத்தான். திறந்த வாய் திறந்தபடியே நின்றார். முன்வரிசையில் மருந்துக்கடை லூபேர் துளைச் சாவியை எடுத்து உதட்டில் வைத்தார். அந்த ஊரில் விசில் என்றால் சாவியை ஊதுவதுதான்.

தியோதுல் சாவியைப் பார்த்தான். அசையை எண்ணாமல் வாயில் வந்ததைச் சொன்னான்.

"துயரம் பெரிது, தொண்டை சிறிது;
அழட்டும் அரசர், அவசரம் எது?"

கொட்டகை குலுங்கிச் சிரித்தது. பிரெஷார் தன் சிரிப்பை மறைக்க முகத்தைப் பொத்தினார். அது அழுகையாகவே தெரிய, கைதட்டல் இன்னும் பலத்தது.

நாடகம் முடிந்ததும் குழுவின் முதலாளி முன்னால் வந்து வழக்கம்போலக் கேட்டார்: "ஐயாமாரே, இவர வச்சுக்கலாமா, அனுப்பிடலாமா?"

லூபேர் எழுந்தார். "நடிப்பு சுமார்தான். அந்த ரெண்டு வரி எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"எதுலயும் இல்லீங்க. இப்பதான் வந்துச்சு," என்றான் தியோதுல்.

"அப்ப இன்னொரு தடவ சொல்லுமய்யா!"

இன்னொரு தடவை! இத்தனை வருஷத்தில் அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் வாயைத் திறந்தான். வரி வரவில்லை, சுத்தமாக மறந்துவிட்டது. குழியைப் பார்த்தான். ஒர்தான்ஸ் கையை விரித்தாள். அவள் புத்தகத்தில் இருந்தால்தானே.

மேல்மாடத்திலிருந்து ஒரு சலவைக்காரி எடுத்துக்கொடுத்தாள்: "துயரம் பெரிது..."

"தொண்டை சிறிது!" என்றது கொட்டகை மொத்தமும். லூபேரின் குரல்தான் எல்லாவற்றிலும் பெரிது.

தன் வரியை அடுத்தவர் வாயால் தியோதுல் கேட்பது அதுதான் முதல் தடவை. நடுமேடையில் நின்று, வெட்கத்தை விட்டு அழுதான்.

"நம்ம ஊர்லயே இருக்கட்டும்யா இவரு," என்று லூபேர் சாவியைப் பைக்குள் போட்டார்.

முதலாளி அவசரமாகத் திரையை இறக்கப் போனார். சலவைக்காரி விடவில்லை.

"அழட்டும் கவிஞர், அவசரம் எது?"