பஸ் ஸ்டாண்டுக் காட்சியை எழுதியவர்

சினிமாவில் கதை விற்பவனுக்கு வாய்தான் பத்திரம். அருள்நாதனும் அப்படித்தான் விற்றான். நான்கு வருடங்களுக்கு முன்பு வத்தலக்குண்டு லாட்ஜ் ஒன்றில், கொடைக்கானல் போகிற வழியில் தங்கியிருந்த இயக்குநர் முன்னால் உட்கார்ந்து, இரண்டரை மணி நேரம் சிரித்தும் அழுதும் முழுப்படத்தையும் சொல்லிக் காட்டினான். கையோடு கொண்டுபோன நோட்டையும் கொடுத்துவிட்டான். இயக்குநர் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதையே ஒப்பந்தம் என்று நம்பிவிட்டான், அப்பாவி.

அடுத்த வருடம் படம் வந்தது. கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் நான்கும் இயக்குநர் பெயரில் இருந்தன. 'கதை விவாதம்' என்று ஏழு பெயர்களைக் கண்மூடித் திறப்பதற்குள் ஓடவிட்டார்கள். அதில் ஐந்தாவது இவன். எழுத்தாளர் சங்கத்தில் போய் நின்றால், எழுத்தில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டார்கள். அன்றிலிருந்து திண்டுக்கல்லில் அவன் புலம்பாத டீக்கடை கிடையாது. இயக்குநரைத் திருடன் என்று திட்டாமல் வீட்டில் ஒரு வேளைச் சோறு இறங்கியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து அவனும் மனைவி ஜெஸ்ஸியும் வீடு திரும்பியபோது, இயக்குநரின் மேனேஜர் மன்சூர் வாசலில் நின்றிருந்தான்.

"அண்ணே, நம்ம படத்தை பிரான்சுல ஒரு கம்பெனி திரும்ப எடுக்கப் போகுது. எழுதுனவங்க பேரை விட்டுட்டு எடுக்க மாட்டாங்களாம். ஏழு பேருகிட்டயும் யாரு எதை எழுதுனாங்கன்னு கையெழுத்துக் கேக்குறாங்க. டைரக்டரும் வேற வழியில்லாம ஒத்துக்கிட்டாரு. இனிமே உங்க பேருதாண்ணே."

அருள்நாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. தாள்களைத் தமிழிலேயே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். கதை யாருடையது? என்னுடையது. திரைக்கதை? என்னுடையது. மளமளவென்று எழுதிக்கொண்டே போனவனின் பேனா கடைசிப் பக்கத்தில் நின்றது.

'மகனைப் பார்க்கக் கிளம்பும் தாய், பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்களை விட்டுவிட்டு வீடு திரும்பும் காட்சியை எழுதியவர் யார்? அந்தக் காட்சிக்காகவே இந்தப் படத்தை எடுக்கிறோம்.'

அது ஜெஸ்ஸி எழுதியது. பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களைத் திருத்துவதற்கு நடுவே நான்கு பக்கம் எழுதி அவன் கையில் கொடுத்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அதைத் தன் கையெழுத்தில் நோட்டில் ஏற்றிக்கொண்டான். அப்புறம் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"எழுதுங்கண்ணே, அதுவும் நீங்கதானே?" என்றான் மன்சூர்.

ஜெஸ்ஸி காபித் தம்ளரோடு பின்னால் நின்று அந்தக் கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தாள். அருள்நாதனுக்கு அவமானம் தாங்கவில்லை. பேனாவை அவள் பக்கம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "அன்னைக்கு லாட்ஜுல இந்த இடத்தை யாரு எழுதுனதுன்னு சொன்னீங்க?"

"கேட்டாரு. நாந்தான்னு சொன்னேன்."

"அப்போ மூணு வருசமா அந்த ஆளை நீங்க திட்டுனதெல்லாம்..." என்று ஆரம்பித்து, மன்சூர் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தம்ளரைக் கீழே வைத்தாள். பேனாவை வாங்கி, அந்தக் கேள்விக்குக் கீழே தன் பெயரை மட்டும் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.