பதினைந்து நாளில் இருபது கிலோ

என் வீட்டுக்காரர் பிராங்கிளின் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். நாற்பதடி வண்டியைப் பின்பக்கமாகவே சந்துக்குள் நுழைத்துவிடுவார். மற்ற விஷயத்தில் சுத்த மண்டு. தொப்பை ஸ்டியரிங்கில் இடிக்கிறது என்று, கேபிள் டிவியில் வந்த நம்பருக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போன் போட்டிருக்கிறார். டாக்டர் என்று ஒருத்தன் பேசினானாம். எடை கேட்டான், உயரம் கேட்டான். நூற்றிருபது கிலோ என்றார் இவர். பிரஷர் உண்டா, நெஞ்சுவலி உண்டா என்று அவன் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் கூரியரில் மாத்திரை வந்தது, அட்டையில் பெயர்கூட இல்லாமல்.

பதினைந்து நாள் விழுங்கினார். தூக்கம் போயிற்று. நெஞ்சு படபடவென்று அடித்தது. கேட்டால், கொழுப்பு கரைகிறது என்பார். ஒரு மத்தியானம் முகம் வெளுத்து வந்து நின்றார்.

"ஐரீன், நூறு கிலோதான் கீறேன். பாஞ்சு நாள்ல இருவது கிலோ பூட்ச்சுமே."

என் தம்பி ஜெரால்டு இப்படித்தான் ஒரே மாதத்தில் உருகி, அடுத்த மாதம் கல்லறைக்குப் போனான். இவருடைய சட்டை பழையபடி இறுக்கமாகத்தான் இருந்தது. பயத்தில் அது என் கண்ணில் படவில்லை. ஆட்டோ பிடித்து, வண்ணாரப்பேட்டையில் டாக்டர் டெபோராவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா அவரை மிஷினில் ஏற்றினார். நூற்றி ஒன்பது.

"நூறுன்னு யார் சொன்னது?"

"மணலி எடை மேடைதான் டாக்டர், லாரிய நிறுத்தி எட போடுறது. ஆளுங்க ஏறுற மிஷின்ல ஏறினா எல்லாம் பாத்து சிரிக்கிறானுங்கோ. அதான் வண்டி எறங்கினதும் நான் ஏறி நின்னுக்குவேன்."

"அது கிலோ கிலோவாவா காட்டும்?"

இவர் தலையைச் சொறிந்தார். "இல்ல டாக்டர். இருவது இருவதாத்தான் காட்டும்." தினமும் அந்த எடைச் சீட்டை வாங்கிப் பையில் போடுகிற மனுஷன்!

"அப்போ நூத்திப் பதினொண்ணு இருந்திருப்பீங்க. நூத்திப் பத்தைத் தாண்டினதால அதை நூத்தி இருபதுன்னு காட்டியிருக்கு. ரெண்டு கிலோ குறைஞ்சு நூத்திப் பத்துக்குக் கீழ வந்ததும் நூறுக்கு இறங்கிடுச்சு."

ரெண்டே ரெண்டு கிலோ! மாதாவே என்று அங்கேயே அழுதேன், சிரித்தேன். அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பிரஷர் நூற்றெண்பது இருந்தது. ஈசிஜி எடுத்துப் பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

"இதயம் நல்லா இருக்கு. மாத்திரையை நிறுத்தினா பிரஷர் இறங்கிடும். ஆளைப் பார்க்காம இதையெல்லாம் எழுதவே கூடாதும்மா." மாத்திரை அட்டையை ஒரு கவரில் போட்டு, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குப் புகார் எழுதினார். இவர் அடக்கமாகக் கையெழுத்துப் போட்டார்.

"இந்த மாத்திரையால இந்த மாசம் என்கிட்ட வந்த மூணாவது ஆள் இவர்," என்றார் டாக்டரம்மா. "நடந்து வந்தது இவர் ஒருத்தர்தான்."

வெளியே கடைத்தெருவில் ஜனம் நெரிந்தது. இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடுமே, எல்லாரும் பாக்குறாங்கோ."

"பாக்கட்டும்யா," என்றேன். ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் விடவில்லை.