ஆல்டன்துறை வாசித்த வரவேற்பு மடல்

கீழைக்கடலின் பனிமூட்டம் மெல்லக் கலைய, கரையோர மேப்பிள் மரங்கள் தீப்பற்றியவைபோற் சிவந்து நிற்க, எத்தனை தோரணம் கட்டியும் உலர்மீன் நாற்றத்தை மட்டும் மறைக்கவியலாமல் நாணித் தலைகுனிந்திருந்தது ஆல்டன்துறை. அரசரை விரட்டிய நாடு, தலைவரைத் தேர்ந்து பழகிக்கொண்டிருந்த தொடக்க ஆண்டுகளின் இலையுதிர் காலை அது. குடியரசுத் தலைவர் ஊரூராய் வருவார்; ஊரார் வரவேற்பு மடல் வாசிப்பர்; மறுமொழி வாசிக்கப்படும்; பீரங்கி முழங்கும். நாடும் தலைவரும் உரையாடிய முறை அதுவே. தன் மடலில் மீனைப் புகழவே நூறு சொல் கண்ட ஆல்டன்துறைப் புலமையைக் கற்றோர் பொறுத்தருள்க.

கப்பற் பலகைகளின் இடுக்கடைக்கும் பெலேக்கின் ஒரே மகன் ஆசேர், கடற்கொள்ளையர் கைப்பட்டு ஆப்பிரிக்கக் கரையில் அடிமையாய்க் கல் சுமந்துகொண்டிருந்தான். அவனை மீட்கத் தலைவரை வேண்டும் வரியொன்றை மடலிற் சேர்க்குமாறு, வரவேற்புக் குழுத் தலைவனும் இளமைத் தோழனுமாகிய ஏனோக்கிடம் பெலேக்கு இறைஞ்சியிருந்தான்.

“மீனுக்கு ஒரு பக்கம் எழுதுறீங்க, எம்புள்ளைக்கு ஒரு வரி எழுத மை தீந்துபோச்சா?” என்று சீறினாள் பெலேக்கின் மனைவி தபீத்தாள்.

“எழுதியாச்சு தங்கச்சி” என்றான் ஏனோக்கு.

அவ்வாறே, திரண்ட மக்கள்முன் ஆசேரின் பெயரை அவன் குரல் தழுதழுக்க வாசித்தபோது, கல்நெஞ்சரான வணிகரும் மூக்கைச் சிந்தினர். ஆயினும் தொடர்ந்து வாசிக்கப்பட்ட மறுமொழியில் துறைமுகம் வாழ்ந்தது, மீன் வாழ்ந்தது, இறையருளும் வாழ்ந்தது. ஆசேர் மட்டும் இல்லை.

தொப்பியைக் கசக்கியவாறே தலைவரின் செயலரை நெருங்கினான் பெலேக்கு. “ஐயா, எம்மவனப் பத்தி ஒண்ணுமே வரலியே?”

“மடலோட படி எங்களுக்கு முன்னாடியே வந்துடும், பெரியவரே. அதப் பாத்துத்தான் பதில் எழுதி வைப்போம். எல்லா ஊருலயும் இதான் வழக்கம். உங்க ஊர்ப் படியில அந்த வரியே இல்லியே! இருந்திருந்தா பதில் இல்லாமப் போயிருக்காது.”

பெலேக்கு திரும்பினான். ஏனோக்கின் கண்கள் பூட்சின் நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தன.

“நல்ல நாளும் அதுவுமா அழுக எதுக்குன்னு குழுவுல அந்த வரிய எடுக்கச் சொன்னாங்கப்பா. மனசு கேக்கல. அதான் வாசிக்கிறப்ப சேத்துக்கிட்டேன். நீ காதால கேட்டா ஆறுதலா இருக்குமேன்னு...”

“நான் கேக்கவாடா எழுதச் சொன்னேன்? எம்மவன் பேரு எனக்குத் தெரியாதா?”

ஏனோக்கு விம்மினான்; அந்தோ, அக்கண்ணீரும் மெய்யானதே.

பெண்டிர் கூட்டத்தின் பின்னின்று, ஏனோக்கின் உரத்த குரல் மட்டுமே கேட்டிருந்த தபீத்தாள், முகமெல்லாம் விளக்கேற்றியவள்போல் ஓடிவந்தாள். “அண்ணன் அழுதே படிச்சாரே! தலைவர் என்னய்யா சொன்னாரு?”

பீரங்கி முழங்கி ஓய்ந்தது. பெலேக்கு கசங்கிய தொப்பியை நிமிர்த்தித் தலையில் வைத்தான்.

“கேட்டுக்கிட்டாரு, புள்ள.”

அவள் கைகூப்பி வணங்கிய திசையில், தலைவரின் வண்டி அடுத்த ஊரை நோக்கி, அதற்கென முன்பே எழுதி முடித்திருந்த மறுமொழியோடு, புழுதி கிளப்பிச் சென்றுகொண்டிருந்தது.