அஸருக்கு முன்னால் ஒரு கையெழுத்து

பேனையைத் திறந்து பிடித்தபடி ஹபீஸ் பொலிஸ் அறிக்கையின் கடைசி வரியை மூன்றாம் முறையும் வாசித்தான். சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு, விளங்காமல் வாசிக்கவில்லை. 'பாதசாரிக் கடவை இல்லாத இடத்தில் கவனயீனமாக வீதியைக் கடக்கையில்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, இறந்தவரின் மகன் என்று போட்டுக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

பிணவறை விறாந்தையில், மேசைக்கு அப்பால் கொன்ஸ்டபிள் காத்திருந்தார். உள்ளே உம்மா.

"அங்க கடவை இருந்தது சேர்," என்றான் சிங்களத்தில். "முப்பது வருசமா இருந்தது. தண்ணிக் குழாய்க்குக் கிண்டித் திரும்பத் தார் போட்டாங்க. எட்டு மாசம், கோடு போட ஒருத்தரும் வரல்ல."

"தெரியும் தம்பி. நானும் அந்த ரோட்டாலதான் வாறது." கொன்ஸ்டபிளின் குரல் தணிந்தது. "ஆனா இண்டைக்குக் காலையில அங்க கோடு இல்லையே. கண்டதைத்தானே எழுத ஏலும்?"

காலை ஏழு மணிக்குப் பேக்கரியில் பாண் வாங்கப் புறப்பட்டவர் உம்மா. வெள்ளவத்தைக்கு மருமகளாய் வந்த நாளிலிருந்து கடந்த அதே இடத்தில், வழக்கம்போலக் கையை உயர்த்திக்கொண்டு இறங்கியிருக்கிறார். வந்த வான் வண்டி நிற்கவில்லை.

"மாத்தி எழுத ஏலாதா?"

"ஏலும். அப்ப மரண விசாரணை அதிகாரி வந்து இடத்தைப் பாக்கோணும், மாநகர சபையிட்ட விளக்கம் கேக்கோணும். நாளைக்கு ஞாயிறு. அடுத்த நாள் பௌர்ணமிப் போயா லீவு. செவ்வாய்க்கிழமைதான் உடலைத் தருவாங்க."

உம்மாவின் தம்பி அலவி மாமா அவன் முழங்கையைப் பிடித்தார்.

"மய்யித்த மூணு நாள் ஐஸ்ல வெக்கிறதா மகன்? பள்ளியில பின்னேரம் அஸர் தொழுகைக்குச் சொல்லியாச்சி. குழியும் வெட்டுறாங்க. கோட்டப் பத்திப் பொறகு கதைப்போம்."

"பொறகு யாரோட மாமா? சபைக்குப் போனா ரோட்டு டிபார்ட்மென்ட் எண்டுவான். அங்க போனா சபை எண்டுவான்."

"அப்ப இப்ப எழுதி மட்டும் என்னத்தக் கிழிக்கப் போற?"

போன் அதிர்ந்தது. தங்கை அர்பா. கோடு போடச் சொல்லிச் சபைக்கு மூன்று கடிதம் எழுதியவள் அவள்தான். மூன்றுக்கும் பதிவுத் தபால் துண்டு வைத்திருக்கிறாள். கடைசிக் கடிதத்துக்கு மட்டும் பதில் வந்தது, தங்கள் கடிதம் கிடைத்தது என்று.

"நானா, கடவையில எண்டு எழுதினாங்களா?"

"எழுதுறாங்க."

"பாத்துக் கையெழுத்து வைங்க. இல்லாட்டி உம்மாட பிழை எண்டு போட்டிருவாங்க. கேக்குதா நானா?"

"கேக்குது."

பன்னிரண்டு மணி கடந்துவிட்டிருந்தது. உள்ளே யாரோ தள்ளுவண்டியை இழுக்கும் சத்தம். ஹபீஸ் கையெழுத்து வைத்தான். பேனையைத் திருப்பிக் கொடுக்கும்போது 'ஸ்தூதி' என்று கொன்ஸ்டபிளுக்கு நன்றியும் சொன்னான். ஏன் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

வீட்டில் குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கு எடுக்குமுன் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். தலைமாட்டில் குந்தியிருந்த அர்பா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"என்ன எழுதீக்கி நானா?"

"அஸருக்கு நேரமாகுது தங்கச்சி."

அலவி மாமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அர்பா கொஞ்சம் நகர்ந்தால் பக்கத்தில் இன்னொருவர் குந்தலாம். அவள் நகரவில்லை.

ஹபீஸ் கால்மாட்டில் போய் நின்றான். அங்கேயிருந்து பார்க்க உம்மாவின் நாடியும் மூக்கு நுனியும் மட்டும்தான் தெரிந்தன.